சுட்ட மண்ணின் சொற்கள்: ஏதென்ஸ் முதல் வெள்ளாற்றங்கரை வரை

சுட்ட மண்ணால் ஆன பொருள்களுக்கெல்லாம் ஐரோப்பிய மொழிகள் பலவற்றிலும் பொதுப்பெயர் ஒன்றே. ஆங்கிலத்தில் செராமிக், பிரெஞ்சில் செராமீக், ஜெர்மனில் கெராமிக், ரஷ்ய மொழியில் கெராமிக்கா. நான்குக்கும் மூலம் பழங்கிரேக்கச் சொல்லான கெராமோஸ். குயவர் பிசையும் மண், அதில் வனைந்த பானை, கூரையில் வேயும் ஓடு ஆகிய மூன்றையும் அது குறித்தது. ஏதென்ஸ் நகரில் குயவர் வாழ்ந்த பகுதிக்குக் கெராமெய்கோஸ் என்று பெயர். கெராமோஸ் என்ற சொல்லுக்கு உறுதியான இந்தோ-ஐரோப்பிய வேர் கிடைக்கவில்லை. கிரேக்கர் வருவதற்கு முன் அந்நிலத்தில் வாழ்ந்தோரின் மொழியிலிருந்து அது வந்திருக்கலாம் என்று சொல்லாய்வாளர் பலர் கருதுகின்றனர். தொழிலைக் கற்றுத் தந்தவர்களின் சொல்லும் தொழிலோடு சேர்ந்து வருவது உலக வழக்கம்.

ஒரு சொல்லின் முதல் ஒலியே அது வந்த வழியைக் காட்டிவிடும். லத்தீனின் 'க' ஒலி 'எ', 'இ' ஆகிய உயிர்களுக்கு முன் பிரெஞ்சில் 'ஸ' ஆனது. ஆங்கிலம் 19ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு வழியாக இச்சொல்லைப் பெற்றதால் அங்கும் 'ஸ' ஒலியே நிற்கிறது. ஜெர்மனோ கிரேக்க ஒலியைக் காத்துக் 'கெ' என்றே தொடங்குகிறது. தமிழ்நாட்டில் வழங்கும் 'செராமிக்' ஆங்கிலம் தந்தது.

இந்தச் சொல்லைக் கடைப்பலகைகளிலும் அன்றாடப் பேச்சிலும் நிறையக் கேட்கும் பகுதி, கடலூர் மாவட்டத்தின் மேற்குப் பக்கம். வெள்ளாற்றங்கரையில் திட்டக்குடி, அதற்குக் கிழக்கே மணிமுத்தாற்றங்கரையில் விருத்தாசலம். பீங்கான் தொழிற்பேட்டையும் பீங்கான் தொழில்நுட்பம் கற்பிக்கும் அரசு நிறுவனமும் விருத்தாசலத்தில் உள்ளன. நெய்வேலிச் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரிக்கு மேலுள்ள மண்ணோடு கிடைக்கும் வெண்களிமண் இத்தொழிலின் அடிப்படை. பொம்மை, அகல் விளக்கு, ஜாடி, மின்சாரத்துக்கான ஃபியூஸ் கேரியர் எனப் பலவும் இங்கே உருவாகின்றன. இத்தொழிலில் புழங்கும் சொற்களை எடுத்து ஒவ்வொன்றாக வேர் தேடினால், ஐரோப்பிய மொழிகளின் வரலாற்றில் பெரும்பகுதி அவற்றுள் அடங்கியிருப்பது தெரியும்.

பீங்கானுக்கு நான்கு பெயர்கள்

சீனாவில் பிறந்த வெண்பீங்கான் ஐரோப்பாவை அடைந்தபோது அதற்கு அங்கே பெயர் இல்லை. வெவ்வேறு வழியில் சென்ற பொருளுக்கு வெவ்வேறு பெயர் அமைந்தது.

முதல் பெயர் இத்தாலியத்தின் பொர்ச்செல்லானா. அது உண்மையில் சோழிக்கு வழங்கிய பெயர். பன்றிக்குட்டியைக் குறிக்கும் பொர்ச்செல்லா என்ற சொல்லிலிருந்து, அதன் வடிவ ஒப்புமையால் சோழிக்கு அப்பெயர் வந்தது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ சொல்லி எழுதப்பட்ட பயண நூலில், பணமாகப் புழங்கிய சோழிக்கும் சீனக் கிண்ணங்களுக்கும் இதே சொல் ஆளப்பட்டுள்ளது. சோழியின் பளபளப்பும் வெண்மையும் கிண்ணத்திலும் இருந்ததே காரணம். பிரெஞ்சின் பொர்சலேன், ஆங்கிலத்தின் போர்சலின், ஜெர்மனின் பொர்ட்செலான், டச்சின் போர்சலைன், போலந்து மொழியின் பொர்ட்செலானா எல்லாம் இந்தச் சோழியின் வழித்தோன்றல்களே.

இரண்டாம் பெயர் ஆங்கிலத்தின் சைனா. நாட்டின் பெயரே பொருளின் பெயராயிற்று. 'சீன நாட்டுடையது' என்ற பொருளில் பாரசீகத்திலும் இந்தியாவிலும் வழங்கிய சீனி என்ற சொல், கிழக்கிந்திய வணிகர் வாயில் புகுந்து இந்த வழக்கை ஊன்றச் செய்தது. வட இந்தியாவில் பீங்கான் மண்ணுக்குச் சீனி மிட்டி என்று பெயர். தமிழில் சர்க்கரையைக் குறிக்கும் சீனியும் அதே சொல்தான். நாட்டைச் சுட்டிய ஒரு பெயரடை ஓரிடத்தில் பாத்திரத்தின் மேலும் வேறிடத்தில் இனிப்பின் மேலும் ஏறி அமர்ந்துவிட்டது.

மூன்றாம் பெயர் ரஷ்ய மொழியின் ஃபர்ஃபோர். சீனப் பேரரசர் 'வானத்தின் மகன்' எனப்பட்டார். பாரசீகர் அப்பட்டத்தைக் கடவுளின் மகன் என்ற பொருளில் மொழிபெயர்த்து ஃபக்ஃபூர் என்றனர். பேரரசரின் பட்டம் அவர் நாட்டுப் பாத்திரத்துக்குப் பெயராகி, துருக்கியம் வழியாக ரஷ்யாவுக்குச் சென்றது. ருமேனியத்தில் அதே சொல் ஃபர்ஃபூரியே என்ற வடிவில் உணவுத் தட்டைக் குறிக்கிறது. வெண்பீங்கானின் பெயரைக் கொண்டே ஐரோப்பாவின் வரைபடத்தை இரண்டாகப் பிரிக்கலாம்: கடல் வழியே பொருளைப் பெற்ற மேற்கு பொர்ச்செல்லானாவைக் கொண்டது; துருக்கி, பாரசீக நிலவழிகளோடு தொடர்புடைய கிழக்கு ஃபக்ஃபூரைக் கொண்டது.

நான்காம் பெயர் தமிழுக்கு உரியது. கிண்ணத்தைக் குறிக்கும் பாரசீகச் சொல் பிங்கான். தமிழின் பீங்கான் அதிலிருந்து வந்தது. அதே பாரசீகச் சொல் அரபு மொழியில் ஃபிஞ்சான் ஆகிக் காப்பிக் குவளையைக் குறித்தது. துருக்கியத்தில் ஃபிஞ்ஜான் ஆயிற்று. அங்கிருந்து இன்றைய கிரேக்கத்தில் ஃப்லிட்சானி என்று நிற்கிறது. ஏதென்ஸ் நகரத்தார் காப்பி குடிக்கும் ஃப்லிட்சானியும் விருத்தாசலத்தின் பீங்கானும் உடன்பிறந்த சொற்கள். பாரசீகப் பிங்கானே பழங்கிரேக்கத்தில் பலகையையும் தட்டையும் குறித்த பினாக்ஸ் என்ற சொல்லின் மாற்றம் என்று கருதும் ஆய்வாளர்களும் உண்டு. அது சரியானால், இந்தச் சொல் கிரேக்கத்திலிருந்து கிழக்கே சென்று, உருமாறி, பல நூற்றாண்டுகளுக்குப் பின் பிறந்த வீட்டுக்கே திரும்பியிருக்கிறது.

ஊர்ப் பெயர்கள் பொருட்பெயர்களாதல்

மண்பாண்டத் தொழிலில் ஊர்ப்பெயரே பொருளின் பெயராவது மிகுதி. ஒரே மண், ஒரே சூளை, ஒரே கைப்பழக்கம் ஓர் ஊரில் தலைமுறை தலைமுறையாகத் தொடர்வதால், ஊரைச் சொன்னாலே பொருளின் தரம் விளங்கிவிடுகிறது.

வெள்ளீய மெருகு பூசிய மண்பாண்டத்துக்குப் பிரெஞ்சில் ஃபயான்ஸ் என்று பெயர். இத்தாலியின் ஃபயென்சா நகரம் தந்த பெயர் அது. இத்தாலியரோ அதே வகைப் பாண்டத்தை மயோலிக்கா என்கின்றனர். ஸ்பெயினின் பளபளப்பான பாண்டங்கள் மயோர்க்கா தீவின் வழியாக இத்தாலிக்கு வந்ததால் அப்பெயர் என்பது பரவலான விளக்கம். தீவின் பெயரோ 'பெரியது' என்று பொருள்படும் லத்தீன் சொல். அருகிலுள்ள மெனோர்க்கா 'சிறியது'. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் 17ஆம் நூற்றாண்டில் சீன நீலப் பாண்டங்களைப் பார்த்துச் செய்த பாண்டங்கள் ஆங்கிலத்தில் டெல்ஃப்ட் என்றே வழங்கின. டச்சில் 'தோண்டு' என்ற வினையிலிருந்து, வெட்டிய கால்வாய் ஒன்றின் பெயரால் அமைந்த ஊர் அது.

வெண்களிமண்ணின் அறிவியல் பெயரான கயோலினும் இடப்பெயரே. சீனாவின் சிங்டெசென் நகருக்கு அருகில் காவ்லிங் என்ற குன்று உள்ளது. 'உயர்ந்த மேடு' என்பது பெயரின் பொருள். அங்கே வாழ்ந்த தாந்த்ரெகோல் என்ற பிரெஞ்சு இயேசு சபைத் துறவி, பீங்கான் செய்முறையை விவரித்து 1712ஆம் ஆண்டு எழுதிய கடிதம் ஐரோப்பாவில் புகழ்பெற்றது. அதன் வழியாகக் கயோலின் என்ற சொல் பிரெஞ்சில் பரவி, பின் எல்லா ஐரோப்பிய மொழிகளுக்கும் பொதுச்சொல்லாயிற்று. ஜெர்மனியின் மைசன் நகரில் 1710ஆம் ஆண்டிலேயே பீங்கான் ஆலை தொடங்கிவிட்டது. பொருளின் இரகசியம் ஒரு வழியிலும் மண்ணின் பெயர் வேறு வழியிலும் சென்றன என்பது இதில் கவனிக்கத் தக்கது.

களிமண்ணுக்கு லத்தீனில் அர்கில்லா என்ற பெயர் இருந்தது. பிரெஞ்சின் அர்ஜில், ஸ்பானியத்தின் அர்சில்யா ஆகியவை அதன் வழி வந்தவை. மூலமான கிரேக்கச் சொல் வெண்மையைக் குறிக்கும் அர்கோஸ் என்பதிலிருந்து பிறந்தது. வெள்ளிக்கு லத்தீனில் அர்கெந்தும் என்று பெயர் வந்ததும் அந்த வேரிலிருந்தே. அர்ஜென்டினா என்ற நாட்டுப் பெயர் அதிலிருந்து அமைந்தது. வெண்மையைப் பார்த்துப் பெயரிடும் இந்த முறை தமிழின் 'வெள்ளி', 'வெண்களி' என்ற சொற்களிலும் அப்படியே உள்ளது.

கூரை ஓடும் ஒலி மாற்றமும்

சொல்லின் வயதை அறிய ஒலி மாற்றம் எவ்வாறு உதவுகிறது என்பதற்கு ஓடு நல்ல சான்று. லத்தீனில் தெகெரெ என்றால் 'மூடு'. மூடும் பொருள் தெகுலா. இத்தாலியத்தில் தேகோலா, ஸ்பானியத்தில் தேஹா, போர்ச்சுகீசியத்தில் தேல்யா, பிரெஞ்சில் த்வீல் என்று அது மாறியது. பாரிஸின் த்வீல்ரி அரண்மனை, முன்பு அங்கிருந்த ஓட்டுச் சூளைகளின் பெயரைத் தாங்கியது.

மரமும் வைக்கோலும் கொண்டு வீடு கட்டிய ஜெர்மானிய மக்களுக்கு ரோமானியர் ஓட்டையும் அதன் பெயரையும் சேர்த்தே கொடுத்தனர். டச்சில் அது தேகல், ஆங்கிலத்தில் டைல், ஜெர்மனில் ட்ஸீகல். ஜெர்மன் வடிவத்தின் தொடக்க ஒலி முக்கியமானது. தென்பகுதி ஜெர்மன் பேச்சுகளில், இடைக்காலத்தின் முற்பகுதியில், சொல்லின் தொடக்கத்து 'ட' ஒலி 'ட்ஸ' ஆக மாறியது. பத்து என்பது ஆங்கிலத்தில் டென், ஜெர்மனில் ட்ஸேன். நாக்கு ஆங்கிலத்தில் டங், ஜெர்மனில் ட்ஸுங்க. தெகுலாவும் இந்த மாற்றத்துக்கு உட்பட்டிருப்பதால், மாற்றம் நிகழ்வதற்கு முன்பே அது ஜெர்மனுக்குள் வந்திருக்க வேண்டும். மாற்றத்துக்குப் பின் ஜெர்மனிலிருந்து கடன் வாங்கிய போலந்து மொழியில் அது செங்கல்லைக் குறிக்கும் ட்ஸெக்வா. செக் மொழியில் ட்ஸிஹ்லா. ஏடு ஏதும் இல்லாத காலத்தின் கொடுக்கல் வாங்கலை இவ்வாறு ஒலி பதிவு செய்து வைக்கிறது.

தெகெரெ என்ற வினைக்கு ஜெர்மானிய மொழிகளில் கடனல்லாத உறவுச் சொற்களும் உண்டு. கூரை வேயும் வைக்கோலை ஆங்கிலத்தில் தாட்ச் என்பர். ஜெர்மனில் கூரைக்கு டாக் என்று பெயர். இவை லத்தீனிடம் வாங்கியவை அல்ல. லத்தீனுக்கும் ஜெர்மானியத்துக்கும் பொதுவான மூதாதை மொழியிலிருந்து தனித்தனியே வந்தவை. ஆங்கிலம் ஒரே வேரிலிருந்து வைக்கோல் கூரைக்குச் சொந்தச் சொல்லும் ஓட்டுக் கூரைக்குக் கடன் சொல்லும் வைத்திருப்பது, வீடு கட்டும் கலை வளர்ந்த வரலாற்றோடு பொருந்துகிறது.

சூளையும் சமையலறையும்

மண்ணைச் சுடுவதும் உணவைச் சமைப்பதும் பழைய மொழிகளில் ஒரே வினை. லத்தீனில் அது கோக்வெரெ. சுட்ட மண் தெர்ரா கொக்தா, இத்தாலியத்தில் தெர்ரகோட்டா. இருமுறை சுட்டது பிஸ் கொக்துஸ். பிரெஞ்சில் பிஸ்க்வி, ஆங்கிலத்தில் பிஸ்கட். பீங்கான் தொழிலில் மெருகு பூசுவதற்கு முன் முதன்முறை சுட்ட பாண்டத்தையும் பிஸ்கட் என்றே சொல்கின்றனர். ஒருமுறை மட்டுமே சுட்ட பாண்டத்துக்கு 'இருமுறை சுட்டது' என்ற பெயர் பொருந்தாது. ஆயினும் மாவுப் பிஸ்கட்டைப் போல ஈரமற்று, நுண்துளைகளோடு, நீரை உறிஞ்சுவதாக அது இருப்பதால் பெயர் நிலைத்துவிட்டது. சொல் ஒரு துறையிலிருந்து வேறு துறைக்குப் போகும்போது, பிறந்த பொருளை விட்டுவிட்டுத் தோற்றத்தையும் தன்மையையும் எடுத்துச் செல்லும் என்பதற்கு இது சான்று.

சமைக்கும் இடத்துக்கு லத்தீனில் கொக்வீனா. ஜெர்மனின் க்யூக்க, ஆங்கிலத்தின் கிச்சன், பிரெஞ்சின் க்விசீன், போர்ச்சுகீசியத்தின் கொசின்யா எல்லாம் அதன் வழி வந்தவை. போர்ச்சுகீசியச் சொல் ஈழத்தமிழில் குசினி ஆயிற்று. லத்தீனில் சமையலறைக்குக் குலீனா என்ற வேறொரு பெயரும் இருந்தது. ஆங்கிலத்தில் சூளையைக் குறிக்கும் கில்ன் அதிலிருந்து வந்தது. சூளைக்கும் அடுப்புக்கும் பொதுவான ஃபோர்னுஸ் என்ற சொல் போர்ச்சுகீசியத்தில் ஃபோர்னோ ஆகி, ஈழத்தில் ரொட்டி சுடும் அடுப்பைக் குறிக்கும் போறணையாக வாழ்கிறது.

கோக்வெரெயின் இந்தோ-ஐரோப்பிய வேர் 'பெக்வ்' என்ற ஒலியமைப்பு உடையது. சமஸ்கிருதத்தில் அது சமைத்தலைக் குறிக்கும் 'பச்' என்ற வினை; சமைந்தது, பழுத்தது 'பக்வ'. தமிழில் வழங்கும் பக்குவம் அந்தச் சொல்லிலிருந்து வந்தது. மண் பக்குவமாக இருக்கிறதா என்று குயவர் பார்க்கும் பக்குவமும் தெர்ரகோட்டாவின் இறுதிப் பாதியும் ஒரே வேரின் கிளைகள்.

பானை தலையானது

பொருள் மாற்றத்தில் மொழிகள் ஒன்றையொன்று பாராமலே ஒரே வழியில் செல்வதுண்டு. மிகத் தெளிவான சான்று, பானையின் பெயர் தலைக்கு ஆகிவருவது.

லத்தீனில் தலைக்குக் கபுத் என்று பெயர். தெஸ்தா என்பது மண்பாண்டம், அதன் உடைந்த ஓடு, ஓட்டுத்துண்டு ஆகியவற்றைக் குறித்தது. மக்கள் பேச்சில் தெஸ்தா மண்டையோட்டையும் பின் தலையையும் குறிக்கத் தொடங்கியது. இன்று பிரெஞ்சில் தலைக்குத் தெத், இத்தாலியத்தில் தெஸ்தா. ஜெர்மனில் தலைக்குப் பழைய சொல் ஹௌப்ட். கிண்ணத்தைக் குறித்த லத்தீனின் குப்பா அங்கே கொப்ஃப் ஆகி, முதலில் குடிகலத்தையும் பின் மண்டையையும் இறுதியில் தலையையும் குறித்தது.

தமிழில் மண்டையும் இவ்வழியே நடந்தது. சங்க நூல்களில் மண்டை என்பது உண்ணவும் குடிக்கவும் இரக்கவும் ஏந்திய கலம். இன்று அது தலை. சமஸ்கிருதக் கபாலமும் கிண்ணம், பானை ஓடு, மண்டையோடு ஆகியவற்றை ஒருங்கே குறிக்கும். தமிழின் ஓடு கூரையிலும் ஆமையிலும் முட்டையிலும் மண்டையிலும் உள்ளது. இவற்றுள் எந்த மொழியும் இந்தப் பொருள் மாற்றத்தை மற்றதிடம் கற்கவில்லை. கவிழ்ந்த கலத்தின் வடிவம் எங்கும் ஒன்று. அதைக் கண்ட மனித மனமும் எங்கும் ஒன்று.

குப்பாவுக்கு மூன்று பிள்ளைகள் என்று சொல்லலாம். ஜெர்மனின் கொப்ஃப் தலையாயிற்று. ஆங்கிலத்தின் கப் குடிகலமாகவே நின்றது. போர்ச்சுகீசியத்தில் கோப்பு ஆகி, தமிழில் கோப்பை ஆயிற்று. தேநீர்க் கடையில் கப் என்றாலும் கோப்பை என்றாலும் ஒரே லத்தீன் சொல்லே ஒலிக்கிறது. யாழ்ப்பாணப் பேச்சில் சோறு உண்ணும் தட்டும் கோப்பைதான்.

ஓட்டுத்துண்டு அரசியலிலும் இடம்பெற்றது. கிரேக்கத்தில் அதற்கு ஒஸ்த்ரகோன் என்று பெயர். கி.மு. 5ஆம் நூற்றாண்டு ஏதென்ஸில், ஊரைவிட்டு அனுப்ப வேண்டியவரின் பெயரை ஓட்டில் கீறி வாக்களித்தனர். விலக்கி வைத்தலுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் ஆஸ்ட்ரசிசம் அதிலிருந்து பிறந்தது. பெயர் கீறிய ஆயிரக்கணக்கான ஓடுகள் கெராமெய்கோஸ் பகுதியின் அகழாய்வில் கிடைத்துள்ளன. உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் கூறும் குடவோலை முறையிலும் குயவர் கைப்பொருளே நடுவில் இருந்தது. அங்கே ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் இட்டனர்.

பிசைதல் என்னும் வேர்

மண்ணைப் பிசைந்து உருவாக்குதலைக் குறிக்கும் ஓர் இந்தோ-ஐரோப்பிய வேர் உண்டு; அறிஞர்கள் அதைத் 'தெய்க்' என்ற ஒலியமைப்பில் மீட்டமைக்கின்றனர். லத்தீனில் அது ஃபிங்கெரெ: களிமண்ணை வனை. குயவர் ஃபிகுலுஸ், வனைந்த உருவம் ஃபிகூரா. ஆங்கிலத்தின் ஃபிகர் அதன் வழி வந்தது. மனத்தால் வனைந்த கதைக்கு ஃபிக்ஷன் என்று பெயர் வந்ததும் அதே வினையிலிருந்து.

ஜெர்மானியக் கிளையில் பிசைந்த பொருள் மாவாயிற்று: ஆங்கிலத்தில் டோ, ஜெர்மனில் டைக். கிரேக்கத்தில் அதே வேர் தெய்கோஸ். மண்ணால் எழுப்பிய சுவர். ஈரானியக் கிளையில் சுற்றுச்சுவர் சூழ்ந்த தோட்டம் பைரிதைசா. கிரேக்கம் அதைப் பரதெய்சோஸ் என்று எடுத்து விண்ணுலகின் பெயராக்கியது. தமிழ் விவிலியத்தின் பரதீசு அதுவே. சமஸ்கிருதத்தில் பூசுதலைக் குறிக்கும் 'திஹ்' என்ற வினையிலிருந்து உடலைக் குறிக்கும் தேஹ பிறந்தது; தமிழில் அது தேகம். கதை, மாவு, சுவர், விண்ணுலகு, உடல் ஆகிய ஐந்தும் ஒரே பிசைமண்ணிலிருந்து எழுந்த சொற்கள்.

சுரங்கமும் மின்சாரமும் தந்த சொற்கள்

பீங்கான் கலவையில் களிமண்ணோடு சேரும் இரண்டு தாதுக்கள் குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார். இரண்டு பெயர்களும் ஜெர்மன் சுரங்கத் தொழிலாளர் தந்தவை. சுரங்கக் கலையில் ஜெர்மானியர் ஐரோப்பாவுக்கே ஆசிரியராக இருந்ததால் அவர்கள் பேச்சே அறிவியலின் பேச்சாயிற்று. குவார்ட்ஸ் 'கடினமானது' என்று பொருள்படும் மேற்கு ஸ்லாவியச் சொல்லிலிருந்து ஜெர்மனுக்கு வந்தது. ஃபெல்ட்ஸ்பாட் என்பதில் முதற்பாதி வயல்; பின்பாதி, தகடு தகடாகப் பிளக்கும் கல். பாறையைக் குறிக்கும் ஃபெல்ஸ் என்ற வேறு ஜெர்மன் சொல்லே முதற்பாதி என்று தவறாக எண்ணியதால், ஆங்கிலத்தில் ஃபெல்ஸ்பார் என்ற எழுத்து வழக்கும் பரவியது. தவறான வேர் விளக்கமே எழுத்தை மாற்றிவிட்ட நிகழ்ச்சி இது.

மின்சாரம் வந்தபின் பீங்கானுக்குப் புதிய வேலை கிடைத்தது. மின்னோட்டத்தைத் தடுத்து நிறுத்தும் இன்சுலேட்டரின் பெயர், தீவைக் குறிக்கும் லத்தீனின் இன்சுலா தந்தது. கடல் சூழ்ந்த தீவைப் போல மின்கம்பியைத் தனிமைப்படுத்துவதால் அப்பெயர். ஃபியூஸ் என்பது உருகுதலையும் வார்த்தலையும் குறிக்கும் ஃபுந்தெரெ என்ற லத்தீன் வினையிலிருந்து வந்தது. மிகை மின்னோட்டத்தில் உருகி அறுவதே அதன் வேலை.

வெள்ளாற்றின் முகத்துவாரம்

திட்டக்குடியைக் கடந்து கிழக்கே செல்லும் வெள்ளாறு, மணிமுத்தாற்றையும் சேர்த்துக்கொண்டு பரங்கிப்பேட்டையில் கடலில் கலக்கிறது. ஐரோப்பியச் சொற்கள் தமிழுக்குள் நுழைந்த வாயில்களில் ஒன்று இம்முகத்துவாரம். போர்ச்சுகீசியர் அதைப் போர்ட்டோ நோவோ, 'புதிய துறைமுகம்' என்றனர். தமிழ்ப் பெயரின் முதற்பகுதியும் ஐரோப்பியத் தொடர்புடையதே. ஜெர்மானிய இனத்தவரான ஃபிராங்க் மக்களின் பெயர் அரபு, பாரசீக மொழிகளில் மேற்கு ஐரோப்பியர் அனைவருக்கும் பொதுவாகி, தமிழில் பரங்கி என்று ஊன்றியது. பிரான்ஸ் என்ற நாட்டுப் பெயரும் அதே மக்களின் பெயர்.

போர்ச்சுகீசியருக்குப் பின் டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் இக்கரையில் வணிகம் செய்தனர். தெற்கே தரங்கம்பாடியில் 1620 முதல் டேனியர். வடக்கே புதுச்சேரியில் 1674 முதல் பிரெஞ்சுக்காரர். இத்தனை மொழிகளுள் அன்றாடத் தமிழில் மிகுதியாகக் கலந்தது போர்ச்சுகீசியமே. சாவி, ஜன்னல், மேசை, அலமாரி, பீப்பாய், துவாலை, ஏலம் எல்லாம் அம்மொழி தந்தவை. வந்த சொற்களில் பெரும்பாலானவை வீட்டுப் பொருள்களின் பெயர்கள் என்பது அக்காலத்து உறவின் தன்மையைக் காட்டுகிறது. கட்டட வேலையிலும் ஆலையிலும் தலைமைத் தொழிலாளியைக் குறிக்கும் மேஸ்திரி, போர்ச்சுகீசியத்தின் மெஸ்த்ரெ. அதன் மூலம் லத்தீனின் மகிஸ்தெர். ஆங்கிலத்தின் மாஸ்டர், ஜெர்மனின் மைஸ்டர், பிரெஞ்சின் மேத்ர், இத்தாலியத்தின் மயெஸ்த்ரோ ஆகியவை உடன்பிறப்புகள். டச்சிலிருந்து வந்தவற்றுள் கக்கூசு எல்லோரும் அறிந்தது. கழிவையும் வீட்டையும் குறிக்கும் இரு சொற்களின் கூட்டு அது.

தமிழும் கொடுத்தது. மண்பாத்திரத்துக்குத் தமிழ் வழங்கும் சட்டி என்ற சொல், இந்தியாவில் வாழ்ந்த ஆங்கிலேயர் பேச்சில் சாட்டி ஆயிற்று. யூலும் பர்னலும் தொகுத்து 1886ஆம் ஆண்டு வெளியான ஹாப்சன்-ஜாப்சன் அகராதி அதைப் பதிவு செய்துள்ளது.

ஒப்புமையும் உறவும்

ஒலியில் ஒத்த சொற்களெல்லாம் உறவுச் சொற்கள் அல்ல. ஜெர்மனில் டோன் என்றால் களிமண். டோன் என்றால் இசையொலியும் கூட. முன்னது பழைய ஜெர்மானியச் சொல். பின்னது லத்தீன் வழி வந்த கிரேக்கச் சொல். ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் சுவரில் பதிக்கும் மெருகிட்ட ஓட்டுக்கு அசுலேஹோ, அசுலேஜு என்று பெயர். நீலத்தைக் குறிக்கும் அசுல் என்ற சொல்லே அதன் வேர் என்று பலர் நம்புகின்றனர். உண்மை வேர், மெருகிட்ட சிறு கல்லைக் குறிக்கும் அரபுச் சொல். ஆங்கிலத்தின் ஐலண்டும் லத்தீனின் இன்சுலாவும் ஒரே பொருள் உடையவை. எழுத்திலும் 'ஸ' ஒலிக்குரிய எழுத்து இரண்டிலும் உண்டு. ஆயினும் உறவில்லை. ஐலண்ட் ஜெர்மானியச் சொல். அதில் ஒலிக்காமல் நிற்கும் எழுத்து, லத்தீன் வழி வந்த ஐல் என்ற சொல்லைப் பார்த்துப் பிற்காலத்தார் செருகியது.

தமிழ் வாசகர் எளிதில் ஏமாறக்கூடிய இணை, மந்திரியும் மினிஸ்டரும். பதவி ஒன்று, ஒலியும் நெருங்கியது. மந்திரி, எண்ணுதலைக் குறிக்கும் சமஸ்கிருத வேரிலிருந்து வந்தது. மினிஸ்டர், 'குறைவு' என்ற பொருளுடைய லத்தீன் சொல்லிலிருந்து அமைந்து, பணியாளரைக் குறித்தது. 'மிகுதி' என்ற சொல்லிலிருந்து அமைந்த மகிஸ்தெருக்கு அது எதிர்ச்சொல். மேஸ்திரிக்குத்தான் மினிஸ்டர் உறவே தவிர மந்திரிக்கு அல்ல.

உறவை நிறுவ மூன்று சான்றுகள் வேண்டும். ஒலி மாற்றம் அந்த மொழியின் மற்றச் சொற்களிலும் அவ்வாறே நிகழ்ந்திருக்க வேண்டும். பொருள் மாற்றம் இடைநிலைகளோடு விளங்க வேண்டும். பொருளோ மக்களோ அந்த வழியில் சென்றதற்கு வரலாறு இருக்க வேண்டும். தெகுலா, குப்பா, பிங்கான் ஆகிய சொற்களின் விளக்கம் நிற்பது இம்மூன்றும் கூடிவருவதால்தான்.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்து, பிறமொழிச் சொற்களுக்கு மூலமும் குறித்தது. அதற்குப் பின் பிறந்த ஆலைச் சொற்களும், சூளையில் மட்டுமே புழங்கிய பழஞ்சொற்களும் இன்னும் முழுமையாகத் தொகுக்கப்படவில்லை. விருத்தாசலத்தின் பீங்கான் கூடங்களிலும் திட்டக்குடி வட்டத்துக் குயவர் வீடுகளிலும் வழங்கும் சொற்களை, சொன்னவரின் ஊர், தொழில், பதிவு செய்த ஆண்டு ஆகிய குறிப்புகளோடு எழுதி வைப்பது இளம் ஆய்வாளர்கள் உடனே மேற்கொள்ள வேண்டிய பணி. நாளை எழும் தமிழ்ச் சொற்பிறப்பியலுக்கு அந்தக் குறிப்பேடுகளே முதல் ஆவணம்.